நரம்பில் ஏறி வந்த சுமை

சென்ற மாதம் நர்சிங் படிக்கும் பெண்களிடம் அனுபவத்தைப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து நம்மையும் ஒருவர் நினைத்தாரே என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் பேசிய இளம் ஆசிரியை திரையில் ஒரு படம் ஓட்டினார். நரம்பு செல்லின் உட்புறம் என்றார். தண்டவாளம் போல நீளமாக ஒரு குழாய். அதன்மேல் இரண்டு கால் மட்டுமே உள்ள ஏதோ ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போனது. மோட்டார் புரதம் என்று பெயராம். செல்லின் நடுவில் தயாராகும் சரக்கை நரம்பின் கடைசி நுனிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது கைனசின். நுனியிலிருந்து பழைய சரக்கையும் சேதியையும் திருப்பிக் கொண்டுவருவது டைனீன். இவை சுமக்காவிட்டால் நரம்பு நுனியிலிருந்து பட்டுப்போகும் என்றார்.

அது நடக்கிற நடையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். "பாவம்டி, எவ்ளோ பெரிய மூட்டை!" என்றது ஒரு பெண். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதத்தின்மேல் கிழவிக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். திரும்பி வருகிற அந்த டைனீனுக்கும் எனக்கும் பழைய பகை.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்தக் காலத்துல நாய்க்கடி ஊசியை வயித்துலயா போடுவீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, ஊசி எப்படி இருக்கும் என்பதையும் சொல்லி இறங்கிவிட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது, சால்வையும் போட்டார்கள். சொல்லாமல் வந்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் நர்சிங் படித்தது பாண்டிச்சேரியில். திட்டு வாங்கினேன், தேறினேன், அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கொஞ்ச நாளிலேயே நாய்க்கடி அறையைத் தலையில் கட்டினார்கள். அந்த அறைக்கு யாரும் ஆசைப்பட்டு வரமாட்டார்கள். காலையில் கதவைத் திறக்கும்போதே வெளியே வரிசை நிற்கும். திருநள்ளாறு பக்கத்து வயலில் கடிபட்டவர்கள், பட்டினச்சேரியில் கருவாடு காயப்போட்ட இடத்தில் கடிபட்டவர்கள், யாருடைய வீட்டுக்கோ பெண் பார்க்கப் போய்க் கடிபட்டுத் திரும்பியவர்கள். "சிஸ்டர், மெதுவாப் போடுங்க" என்பதுதான் அங்கே வணக்கம் சொல்கிற முறை.

எங்கள் பெரிய டாக்டர் சவரிநாதன். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "அங்க போயி யாருக்கு வைத்தியம் பாக்குறது, அவனவன் நல்லாத்தான இருக்கான்" என்பார். எதைச் சொல்லத் தொடங்கினாலும் "அலோர்" என்று ஆரம்பிப்பார். நாம் "அப்புறம்" என்போமே, அதுதான். அவருடைய அலோர் எந்தத் தொனியில் வருகிறது என்பதை வைத்தே அன்றைய மனநிலையைக் கண்டுபிடித்துவிடுவோம்.

கடிபட்டு வந்தவரிடம் டாக்டர் முதலில் பெயரைக் கேட்கமாட்டார். முதல் கேள்வி, "நாய் எங்க?" என்பதுதான். நாயைக் கட்டிப்போட்டுப் பார்க்க முடியுமா, ஓடிவிட்டதா, யாராவது அடித்துக் கொன்றுவிட்டார்களா என்று விசாரிப்பார். அடுத்து, வந்தவர் கடித்த இடத்தில் அப்பிக்கொண்டு வந்திருக்கும் சுண்ணாம்பையும் மிளகாய்த் தூளையும் தன் கையாலேயே கழுவுவார். சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கழுவிக்கொண்டே இருப்பார். பார்க்கிற நமக்கே கால் வலிக்கும். நாய்க்கடிக்குத் தையல் போடவே விடமாட்டார். எவ்வளவு பெரிய கிழிசலானாலும் திறந்தேதான் இருக்கவேண்டும். கழுவி முடித்ததும், கடித்த இடத்திலிருந்து தலைவரைக்கும் கையால் சாண்போட்டு அளப்பார். முதல்முறை பார்த்தபோது, மனிதர் சட்டை தைக்கப் போகிறாரா என்று நினைத்தேன்.

அதற்கு அவர் சொன்ன விளக்கம் இது. வெறிநாய்க் கிருமி ரத்தத்தில் போவதில்லை. கடித்த இடத்தில் இருக்கும் நரம்பு நுனியில் நுழைந்து, நரம்பின் வழியாகவே மூளைக்குப் போகிறது. "நரம்புங்கிறது நம்ம பேரளம் ரயில் மாதிரி செல்வமணி. இங்கேருந்து சரக்கு போகும், அங்கேருந்து காலி வண்டி திரும்பி வரும். அந்தத் திரும்பி வர்ற வண்டியில டிக்கெட் இல்லாம ஏறிக்குது இந்தச் சனியன்." முகத்தில் கடித்தால் பயணம் குறைவு, நேரமே இல்லை. பாதத்தில் கடித்தால் பயணம் நீளம். அது போய்ச் சேர்வதற்குள் நம் ஊசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்கிவிட வேண்டும். அதற்குத்தான் அந்தச் சாண் கணக்கு. அந்தத் திரும்பும் வண்டி எது, எதனால் ஓடுகிறது என்பதெல்லாம் அன்றைக்கு அவருக்கும் தெரியாது.

ஊசியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. குப்பியைத் திறந்தால் கார்பாலிக் வாடை மூக்கில் ஏறும். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஆளை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளைச் சுற்றி ஒரு நாளைக்கு ஓர் இடமாகத் தோலைக் கிள்ளிப் பிடித்து, சாய்வாக ஏற்றி, மெதுவாகத் தள்ளவேண்டும். ஒரு நாளும் விடாமல் பதினான்கு. போட்ட இடம் கோலிக்குண்டு போல வீங்கி, சிவந்து, அரிக்கும். பாதிக்கு மேல் போனால் வயிறு முழுக்க மேடு மேடாக இருக்கும், புதிதாகக் குத்த இடம் தேடவேண்டும். வந்தவர்கள் என்னை வாய்விட்டுத் திட்டியிருக்கிறார்கள். நானும் சும்மா இருந்ததில்லை, "நாயைத் திட்டுங்க, என்னை ஏன் திட்டுறீங்க" என்பேன்.

அன்சாரி வந்தது எண்பதுகளின் பிற்பகுதியில். பேரளம் ரயிலையே நிறுத்தப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபட்ட காலம். முப்பதை நெருங்கும் வயது, ஒல்லியான தேகம், மடிப்புக் கலையாத சட்டை. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும்போது கணுக்காலில் கடித்த நாய் அரசலாற்றங்கரைப் பக்கம் ஓடி மறைந்துவிட்டது. டாக்டர் கழுவினார், அளந்தார். "கால்ல கடிச்சிருக்கு, நமக்கு நேரம் இருக்கு. ஒரு நாள் விடாம வந்துடுங்க தம்பி" என்றார். அன்சாரியும் வந்தார். கூச்சக்காரர். சட்டையை ரொம்ப மேலே தூக்கமாட்டார். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதுவார். முடிந்ததும், "சுக்ரியா சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். என்னைத் திட்டாத ஒரே ஆள் அவர்தான். பாதி ஊசி ஆனது. அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வராதவர்களுக்கு ஆள் அனுப்புவது உண்டு. இவருக்கு டாக்டரே கிளம்பிவிட்டார். ஃபிளாஸ்க்கில் ஐஸைப் போட்டு மருந்துக் குப்பியை வைத்து என்னிடம் கொடுத்து, "வா" என்றார். அன்சாரி வீட்டில் அவருடைய உம்மா நாற்காலி போட்டார். நன்னாரி சர்பத் வந்தது. உள் அறைக் கதவுக்குப் பின்னால் மனைவி ஜமீலா நின்றாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கதவிடுக்கில் அவளுடைய வளையல் கை மட்டும் தெரிந்தது.

"ஏன் தம்பி வரல?"

"வரக்கூடாதுன்னு இல்ல டாக்டர். பம்பாய்லேருந்து ஏஜெண்டு தந்தி குடுத்துட்டாரு. துபாய் கம்பெனிக்கு மெடிக்கல். சட்டையைக் கழட்டச் சொல்லித்தான் பாப்பாங்க. இந்த வயித்தைப் பாத்தா என்ன நோயோன்னு தூக்கி ஓரமா வச்சிடுவாங்க. வீக்கம் வத்தினப்புறம் வந்தாத்தான் ஆச்சுன்னு ஏஜெண்டு சொல்லிட்டாரு."

"நான் லெட்டர் எழுதித் தர்றேன். இது நோயில்ல, தடுப்பூசின்னு எழுதுறேன்."

"நாய்க்கடின்னு எழுதினா வேற வினையே வேணாம் டாக்டர். இவன் அங்க வந்து பைத்தியமாயிடுவான்னு அனுப்பிடுவாங்க."

டாக்டர் சர்பத்தைத் தொடவில்லை. "அலோர்" என்றார். அந்த அலோரில் சத்தமே இல்லை. "தம்பி, இது ஓட்டப் பந்தயம். அது உங்க கால்லேருந்து ஏறிக்கிட்டு இருக்கு. புண்ணு ஆறிடுச்சுன்னு நெனைக்காதீங்க, ஆறினது தோலு மட்டுந்தான். நாம பாதி வழியில உக்காந்துட்டா அது உக்காராது. தலைக்கு ஏறிடுச்சுன்னா நானில்ல, உலகத்துல எந்த டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது. உயிர் போயிடும்."

அன்சாரி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "போன தடவை எக்ஸ்ரேல நெஞ்சுல நெழல் தெரியுதுன்னு பம்பாய்லேருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. வந்த நாள்லேருந்து தெருவுல என் பேரு பம்பாய் துபாய். சின்னப் புள்ளைங்க கூட, பம்பாய் துபாய் போறாரு பாருன்னு சிரிக்குதுங்க. இவளைப் பொண்ணு கேட்டப்பவும் அதைச் சொல்லித்தான் இழுத்தாங்க. இன்னொரு தடவை திரும்பி வந்தேன்னா என்னால இந்தத் தெருவுல நடக்க முடியாது டாக்டர்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஜமீலா, "போட்டுக்கிட்டுத்தான் போங்களேன். யாரு சிரிச்சா என்ன" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் அவர். அதட்டலாகக்கூட இல்லை. எங்களிடம் திரும்பி, "மெடிக்கல் முடிஞ்ச மறுநாளே ஊருக்கு வந்துடுவேன். வந்து மிச்சத்தைப் போட்டுக்கிறேன். அல்லாஹ் மேல ஆணையா வருவேன்" என்றார்.

எங்கள் ஊர்த் தெருக்களில் அப்போது பாதி வீடு துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருந்தது. பம்பாய் வரை போய்த் திரும்பி வருகிறவன் படுகிற பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டிப்போட்டு ஊசி போட்டிருக்கலாமே என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன். அந்த ஏஜெண்டு என் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். திரும்பி நடக்கும்போது ஃபிளாஸ்க்கில் ஐஸ் கரைந்து தண்ணீர் குலுங்கிற்று.

பம்பாயில் மெடிக்கல் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. ஒருநாள் காலை வரிசையெல்லாம் போனபிறகு அன்சாரி வந்து நின்றார். கையில் பம்பாய் அல்வாப் பொட்டலம். முகம் முழுக்கச் சிரிப்பு. "பாஸாயிட்டேன் சிஸ்டர்! விசா வந்துடுச்சு. அடுத்த வாரம் ஏறுறேன்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, தப்பித்துவிட்டார் என்றே நினைத்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் வந்து கையைப் பிடித்து வாழ்த்தினார். "உடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கேன் டாக்டர். ரயில்ல வந்த அலுப்புல லேசாக் காய்ச்சல். அப்புறம் அந்தப் பழைய கடி இருக்குல்ல, அங்க ரெண்டு நாளா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சொறிஞ்சா அடங்க மாட்டேங்குது."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க" என்று நீட்டினார். அன்சாரி வாங்கினார். உதட்டருகே கொண்டுபோனார். தொண்டை வெட்டி இழுத்தது. டம்ளர் கை நழுவித் தரையில் உருண்டது. "என்னமோ தெரியல, நேத்து ராத்திரிலேருந்து தண்ணி எறங்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். டாக்டர் குனிந்து அந்த டம்ளரை எடுத்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

அன்சாரி அறிவில்லாதவர் அல்ல. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானாகவே போய் அந்த மேசையில் படுத்துக்கொண்டார். எப்போதும் கூச்சப்படுகிறவர், சட்டையை நெஞ்சுவரை தூக்கிக்கொண்டார். வயிறு வழுவழுவென்று, ஒரு தடிப்பு இல்லாமல் இருந்தது.

"மிச்ச ஊசியைப் போட்டுடுங்க சிஸ்டர். இப்பத்தான் யாரும் வயித்தைப் பாக்கப் போறதில்லையே" என்றார்.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் போடு என்று தலையசைத்தார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓதினார், முடிந்ததும் "சுக்ரியா சிஸ்டர்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத எனக்கு மனம் இல்லை. காற்றுப் பட்டாலே உடம்பு வெட்டும் என்பதால் மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் கறுப்புத் துணி கட்டி ஒரு தனி அறையில் வைத்தோம். உம்மா வாசலில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார். ஜமீலா யார் தடுத்தும் கேட்காமல் உள்ளேயே இருந்தாள். வாயில் வழிகிற எச்சிலை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துபாய்க்கு ஏறவேண்டிய நாளுக்கு முன்பே மௌத்தாகிவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் டாக்டர் என்னிடம், "அந்தப் பொண்ணு கையில மீன் முள்ளு கீறின காயம் இருந்துச்சு, பாத்தியா? அதுல எச்சில் பட்டிருந்தா அவளுக்கும் ஏறும்" என்றார். அவளுக்குப் பதினான்கும் போடவேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். அவளோ இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கிற விதி அது. உம்மாதான் வந்து சொன்னார்: "வைத்தியத்துக்குப் போறது தப்பில்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்லிட்டாங்க டாக்டர். இவதான் வரமாட்டேங்குறா. அவங்களைப் படுக்க வச்ச மேசையில என்னைப் படுக்கச் சொல்லாதீங்க மாமின்னு அழுவுறா." அதனால் நான் தினமும் ஃபிளாஸ்க்கோடு அந்த வீட்டுக்குப் போனேன். முன்பு அவள் ஒளிந்து நின்ற உள் அறையில் பாயில் படுத்துக்கொள்வாள். வெள்ளைச் சேலை. வளையலைக் கழற்றியிருந்தாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கருக்களாச்சேரி மீனவர் ஒருவரிடம் சொல்லி ஊசிக் கணவாய் வாங்கி வைத்திருந்தார். எனாமல் தட்டில் வைத்துப் பிளந்து, உள்ளே வெள்ளை நூல் போல ஓடிய ஒன்றைப் பிளேடு நுனியால் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் பிரான்ஸிலிருந்து தம்பி அனுப்பிய ஒரு சஞ்சிகை திறந்து கிடந்தது.

"கணவாய்க்கு நரம்பு எவ்ளோ தடிப்பு பாரு. இந்த நரம்பை வச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. உள்ள சரக்கு ஓடுறதைப் படம் புடிச்சு, அதை நகத்துறது எதுன்னு பிரிச்சு எடுத்துட்டாங்க. முன்னால தள்ளுற புரதம் ஒண்ணு. பின்னால இழுத்துக்கிட்டு வர்றது வேற ஒண்ணு. நான் இத்தனை வருஷமா காலி வண்டி காலி வண்டின்னு சொன்னேனே, அது இதுதான். இதுல ஏறித்தான் வரும்னு நெனைக்கிறேன்."

"அதை நிறுத்த முடியுமா சார்?"

"நிறுத்தினா நரம்பே செத்துப்போயிடும். உயிரோட இருக்கணும்னா அது சுமந்துக்கிட்டுத்தான் இருக்கணும். மேல ஏத்தினது எதுன்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப இதைத் தெரிஞ்சு என்ன பண்றது?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பெரிய டாக்டரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. நான் வயிற்றில் குத்திக் குத்தி அலுத்திருக்கிறேன், இவர் கணவாயை அறுத்துக்கொண்டிருக்கிறாரே என்று அவ்வளவு ஆத்திரம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அலோர்" என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. குழாயைத் திறந்து தட்டைக் கழுவினார். நாய்க்கடியைக் கழுவுவது போலவே, சோப்புப் போட்டு, கழுவிக்கொண்டே இருந்தார். அவருக்கும் அழுகை வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜமீலாவுக்குக் கடைசி ஊசி போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போன ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. வயிற்றில் இடம் இல்லாமல், பழைய தடிப்பு இரண்டுக்கு நடுவில் தேடிப் பிடித்துப் போட்டேன். ஊசியை உருவிப் பஞ்சை வைத்து, "முடிஞ்சுதும்மா. இதோட எல்லாம் ஆச்சு. உனக்கு ஒண்ணும் வராது" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே, இந்தப் பதினான்கு நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"ஒண்ணுகூட விடலைல்ல சிஸ்டர்?"

"ஒண்ணுகூட விடல."

"அவங்க போட்டுக்காம விட்ட ஊசியும் இதுல சேந்துடுமா?"

பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த என் கைமேல் அவள் கையை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். "சேந்துடும்மா" என்றேன்.